ஏலத்தில் கழுவிய நிலம்

போன மாதம் சவூதியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். எட்டு வருசமாக அங்கே ஏ.சி. மெக்கானிக். முதுகுளத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் புஞ்சை விலைக்கு வருகிறதாம். சனிக்கிழமை அட்வான்ஸ் இரண்டு லட்சம் கொடுக்க வேண்டும் என்று தரகர் நெருக்குகிறாராம்.

"நெலம் சுத்தமாம்க்கா. முன்னாடி தீர்வை பாக்கிக்கு சர்க்காரே ஏலம் விட்டதாம். அரசாங்கமே வித்த நெலத்துல வில்லங்கம் எங்கேருந்து வரும்னு கேக்குறாரு. சரிதானக்கா?"

சரியில்லை தம்பி. அவனுக்குப் போனில் அரைமணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவன் ஒருவனோடு முடியவில்லை. கமுதியில் 2016-இல் 2,500 ஏக்கரில் சூரிய மின்நிலையம் வந்தபிறகு, ஆடு மேய்க்கக்கூட ஆள் போகாத சீமைக்கருவேலங்காட்டுக்கெல்லாம் இந்தப் பகுதியில் திடீரென்று விலை வந்துவிட்டது. விலை வந்ததும் முப்பது நாற்பது வருசம் பீரோவில் கிடந்த ஏலச் சான்றிதழ்கள் வெளியே வருகின்றன. வாங்க வருவது யார்? கம்பெனிக்காரன் பத்து வக்கீல் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிய துண்டு நிலம், வளைகுடாவில் வெந்து சம்பாதித்த நம் பிள்ளைகளின் தலையில் வந்து விடிகிறது.

"அரசாங்கமே விற்றது" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் உண்டு. 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 42-ஆம் பிரிவு, நிலவரி பாக்கிக்காக விற்கப்படும் நிலம் எல்லா வில்லங்கங்களிலிருந்தும் விடுபட்டு விற்கப்படும் என்கிறது. பத்திர எழுத்தர்களும் தரகர்களும் இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய அடமானம், பழைய கடன், பழைய பாத்தியதை எல்லாம் ஏலச் சுத்தியல் விழுந்ததும் செத்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

அதே சட்டத்தில் வேறு வரிகளும் இருக்கின்றன. அவற்றை யாரும் சொல்வதில்லை. பாக்கித் தொகைக்குத் தேவையான அளவு நிலத்தை மட்டும்தான், முடிந்தவரை, விற்க வேண்டும் என்கிறது 44-ஆம் பிரிவு. சில ரூபாய் கிஸ்திக்காக மூன்று ஏக்கரையும் ஏலம் விட்டிருந்தால் அந்த ஏலம் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் கேட்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும். பிறகு ஜப்தி. அதன்பிறகு விற்பனை அறிவிப்பு வெளியிட்டு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஏலம் எடுத்தவர் அன்றைக்கே 15 சதவீதமும், 30 நாளுக்குள் மீதியும் கட்ட வேண்டும். நிலத்தை இழந்தவர் 30 நாளுக்குள் பாக்கியையும் ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் ஏலத்தையே ரத்து செய்யலாம். ஏலம் நடத்திய விதத்தில் பெரிய முறைகேடு இருந்தால் அதே 30 நாளுக்குள் மனுப்போடலாம். உரிமையியல் நீதிமன்றம் போக ஆறு மாதம். இதில் எந்தப் படி தவறியிருந்தாலும் ஏலம் எடுத்தவரின் உரிமையில் ஓட்டை விழுகிறது. பாக்கியே இல்லாத நிலத்தை ஏலம் விட்டிருந்தால் அந்த விற்பனை அடியோடு செல்லாது. அவரிடம் வாங்குகிறவர் அந்த ஓட்டையையும் சேர்த்தே விலை கொடுத்து வாங்குகிறார்.

இன்னொன்று, எந்த பாக்கிக்காக ஏலம் நடந்தது என்று கேளுங்கள். "சர்க்கார் ஏலம்" என்று ஊரில் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது அந்த நிலத்தின் மீதே விழுந்த தீர்வையா, அல்லது அரசுக் கடனோ சாராயக் குத்தகைப் பாக்கியோ "நிலவரி பாக்கி போல" வசூலிக்கப்பட்டதா? இரண்டும் ஒன்றல்ல. சாராய வருவாய் பாக்கிக்காக விற்ற நிலத்துக்கு 42-ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது, முன்பிருந்த அடமானம் அப்படியே நிற்கும் என்று மதராஸ் உயர் நீதிமன்றம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு நடக்கும் ஏலமோ வேறு சட்டத்தின்கீழ் வருவது. தம்பியின் தரகரிடம் இதைக் கேட்கச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான், ஏலம்னா ஏலம்தான்" என்றாராம்.

42-ஆம் பிரிவின் பின்பாதியில் இன்னொரு சமாச்சாரம். பாக்கி, வட்டி, செலவு எல்லாம் போக மிஞ்சும் பணம் நிலத்தை இழந்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டி இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவருடைய வரி பாக்கி அபராதத்தோடு சேர்ந்து சுமார் 15,000 டாலர். ஹென்னபின் கவுண்டி நிர்வாகம் அவர் வீட்டை 40,000 டாலருக்கு விற்றுவிட்டு முழுப்பணத்தையும் வைத்துக்கொண்டது. அது தவறு என்று 2023-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அங்கே 2023-இல் கிடைத்த நியாயம் நம் சட்டத்தில் 1864-லேயே எழுதியிருக்கிறது. நம் சேரியில் எத்தனை பேர் அந்த மிச்சப் பணத்தை வாங்கியிருப்பார்கள்? நான் பத்து வருசமாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்கிறேன். வாங்கியதாகச் சொன்ன ஒருவரைக்கூட இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தவரையே பார்த்ததில்லை.

தோழர்கள் இங்கே ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1949 வரை இது சேதுபதி ஜமீன். 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டப்படி வாரப் பாக்கிக்காகக் குடியானவனின் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர ஜமீனுக்கு வழி இருந்தது. பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது 1873 முதல் 1889 வரை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு நிர்வாகம் சமஸ்தானத்தைக் கையில் எடுத்து, வரவு செலவு பார்த்து, கடனை அடைத்து, சொத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. நம் பாட்டன் செத்து அவன் பிள்ளைகள் சிறுசாக நின்றபோது எந்தக் கோர்ட் வந்தது? வந்தது ஜப்திதான்.

ஜமீன் போனபிறகும் கணக்கு எழுதிய கை மாறவில்லை. கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் பரம்பரையாகவே ஓடின. 1980-இல்தான் அவை ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதுவரைக்கும் யார் பாக்கி, எவ்வளவு பாக்கி, யாருக்கு அறிவிப்பு சார்வு செய்தாயிற்று என்று எழுதியவர்கள் பெரும்பாலும் ஆதிக்கச் சாதி வீட்டுக்காரர்கள். நம் ஆள் கட்டிய கிஸ்திக்கு ரசீது கொடுக்காமல் விடுவதற்கு ஒரு பேனாவை மூடி வைத்தாலே போதும். 1957 செப்டம்பரில் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்து, மறுநாள் 11-ஆம் தேதி பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த வாரங்களில் குடிசைகள் எரிந்து ஊரைவிட்டு ஓடிய குடும்பங்களின் வாசலில் ஒரு கேட்பு அறிவிப்பை ஒட்டியிருந்தால் அதை யார் படித்திருப்பார்கள்? "சார்வு செய்யப்பட்டது" என்று பதிவேட்டில் ஒரு கையெழுத்து விழுந்தால் சட்டத்தின் கண்ணுக்கு எல்லாம் முறைப்படிதான்.

ஏல அறிவிப்பைத் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். பறையடித்தவர் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் நிலம் ஏலம் போவதைத் தானே அடித்துச் சொன்ன மனிதர்கள் நம் தெருக்களில் இருந்திருக்கிறார்கள். தண்டோரா முறையையே கைவிடும்படி தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில். அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. ஏலக் களத்திலோ ஒரே கைதான் உயரும். ஊர்ப் பெரிய வீடு கேட்கும்போது எதிர்த்து ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க யாருக்குத் துணிச்சல்? அந்த ஒற்றைக் கையின் விலைதான் பத்திரத்தில் "அதிகபட்சக் கேள்வி" என்று நிற்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தம்பிக்கு விலை பேசிய நிலத்தின் பழைய அ-பதிவேட்டு நகலை எடுத்துப் பார்த்தோம். குறிப்புக் கலத்தில் மங்கலாக இரண்டு சொல் இருந்தது: நிபந்தனை ஒப்படை.

நம் இளைஞர்கள் இதைப் பார்த்ததும் "பஞ்சமி நிலம்!" என்று பதிவு போட்டுவிடுவார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் எதிராளி வக்கீலுக்கு அது அல்வா. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை கொடுத்ததும், 1892-இல் அரசாணை வந்து சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்வதும் அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிப் பகுதிகளின் கதை. அப்போது முதுகுளத்தூர் ஜமீனுக்குள் கிடந்தது. இங்கே நம் மக்களுக்கு நிலம் கிடைத்தது பெரும்பாலும் அதற்கு அப்புறம்: ஜமீன் ஒழிப்புக்குப் பின் தரிசு ஒப்படை, நிலச் சீர்திருத்தத்தில் உபரியாக வந்தது, பூதான் இயக்கத்தில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஆதிதிராவிடருக்கென்று வருவாய் நிலையாணைப்படி கொடுத்த நிபந்தனை ஒப்படையில் எழுதியிருப்பது இது: பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எந்த வகை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். "பஞ்சமி" என்று தப்பாக எழுதிய ஒரு மனு தள்ளுபடியானால், அந்தத் தள்ளுபடி உத்தரவையே அடுத்தவன் தன் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்துக்கொள்வான்.

அந்த நிபந்தனை, ஏலத்தில் செத்துவிட்டதா? இங்கேதான் தரகரின் வாதத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். 42-ஆம் பிரிவு சொல்வது வில்லங்கம். வில்லங்கம் என்பது நிலத்துக்காரன் தன் சொத்தின் மீது தானே ஏற்றி வைத்த சுமை: அடமானம், ஈடு, கடன். நிபந்தனை அப்படியல்ல. அது நிலத்தோடு கூடவே பிறந்தது. கொடுத்த அரசு, கொடுக்கும்போதே வைத்த எல்லை. 1895-ஆம் ஆண்டின் அரசு மானியச் சட்டம், அரசு கொடுத்த நிலத்தின் நிபந்தனைகள் எழுதியிருக்கிறபடியே செல்லும், வேறு எந்தச் சட்டமும் அதைத் தடுக்காது என்று 2018-இல் நீக்கப்படும்வரை சொல்லிவந்தது. ஒப்படை பெற்றவனிடம் இருந்தது பட்டியல் சாதிக்குள் மட்டும் கைமாறக்கூடிய ஓர் உரிமை. அவனிடம் இருந்ததைத்தான் ஏலம் விட முடியும். அவனிடம் இல்லாத ஒன்றை ஏலச் சுத்தியல் எங்கிருந்து கொண்டுவரும்?

உடனே மறுவாதம் வரும்: விற்றது அரசுதானே, தன் நிபந்தனையைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் இதைச் சொல்லத்தான் செய்வார்கள், நாமும் பதில் வைத்திருக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் ஒரு பகல் நேரத்தில் ஏலம் நடத்திய அதிகாரிக்கு, அரசு ஒரு சமூகத்துக்குக் கொடுத்த பாதுகாப்பைக் கைகழுவ யார் அதிகாரம் கொடுத்தது? நிபந்தனையைக் காப்பாற்ற வேண்டிய கடமையும் அதே அலுவலகத்துக்குத்தான். முறையாகச் செய்திருந்தால் ஏலத்தில் பட்டியல் சாதியினர் மட்டுமே கேட்கலாம் என்று அறிவித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஊர்ப் பெரிய வீட்டுக்கு விற்றது அதிகாரியின் மீறல். அதை அரசின் தாராள மனதாக மாற்றிப் பேசுவது கெட்டிக்காரத்தனம்.

இதில் கர்நாடகம் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. 1978-இல் அவர்கள் போட்ட சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை நிபந்தனை மீறி மாற்றினால் அது செல்லாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற நடக்கும் விற்பனைக்கும், வேறெந்த அதிகாரியின் உத்தரவால் நடக்கும் விற்பனைக்கும் இது பொருந்தும் என்று 4-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஏலம் என்ற பின்வாசலை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். 1984-இல் மஞ்சேகௌடா வழக்கில் நிலம் வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள், சட்டம் நின்றது. 2017-இல் அதே உச்ச நீதிமன்றம், நிலத்தை மீட்கக் கேட்பவர் நியாயமான காலத்துக்குள் வர வேண்டும் என்று சொன்னதும் பல மீட்பு மனுக்கள் காலதாமதத்தைக் காட்டியே அடிபட்டன. அங்கிருந்த தலித் அமைப்புகள் மாதக்கணக்கில் போராடி, 2023-இல் கால வரம்பே கிடையாது என்று திருத்தம் கொண்டுவர வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது? நிலையாணை இருக்கிறது. தனிச் சட்டம் கிடையாது. 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதன்பிறகு எத்தனை ஆட்சி, எத்தனை அறிக்கை, எத்தனை மேடை. கர்நாடகத்துச் சட்டத்தின் அந்த ஒரு உட்பிரிவைத் தமிழில் எழுதிச் சட்டமன்றத்தில் வைக்க எவருக்கும் கை வரவில்லை. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களிடம் நான் கேட்பது நாலு வரிதான்.

நம் இயக்கங்களின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்கு வேன் வேனாகப் போகிறோம். ஜூனில் ஜமாபந்தி நடக்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நம் ஆள் நாலு பேர் இருப்பதில்லை. கிராமக் கணக்கெல்லாம் மேசைக்கு வரும் நாட்கள் அவை. அ-பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஊருக்கு ஒருவர் இருந்தால் பாதி மோசடி நடக்காது. சமூகவியல் முதுகலையில் சீனிவாஸையும் பெத்தேயையும் படித்தேன். ஒரு புல எண்ணின் கதையைப் பின்னோக்கிப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர்தான்.

அந்தப் படிப்பில் கொஞ்சத்தைச் சொல்கிறேன். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது காட்டினால் மயங்காதீர்கள். வருவாய் அதிகாரி கொடுக்கும் ஏல விற்பனைச் சான்றிதழைக் கட்டாயமாகப் பதிவு செய்யத் தேவையில்லை என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. சான்றிதழின் நகலைச் சார்பதிவாளருக்கு அந்த அதிகாரி அனுப்ப வேண்டும், அவர் கோப்பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அனுப்பாமல் விட்டிருந்தால் ஏலம் நடந்ததே வில்லங்கத்தில் தெரியாது. ஒப்படை நிபந்தனையும் அங்கே தெரியாது. பட்டாவை நம்பலாமா என்றால் அதுவும் முழுசாக முடியாது. எண்பதுகளில் யு.டி.ஆர். என்று பட்டாக்களையெல்லாம் புதுப்பித்தபோது பெயர்கள் மாறின, குறிப்புக் கலத்தில் இருந்த நிபந்தனைகள் பல இடங்களில் காணாமல் போயின. இன்றைக்குக் கணினியில் வரும் பட்டா அந்த யு.டி.ஆரின் குழந்தை. ஆகவே யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடும், ஜமீன் ஒழிப்புக்குப்பின் எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடும் வேண்டும். அதோடு ஏலக் கோப்பையே கேளுங்கள்: கேட்பு அறிவிப்பு, அதை வாங்கியவரின் கையெழுத்து, ஜப்தி, ஏலம் கேட்டவர்களின் பட்டியல், உறுதி செய்த உத்தரவு, மிச்சப் பணம் போன இடம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் மனு. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தை நிரூபிக்க வேண்டியவருக்கு அது பாதகம்.

ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தம்பி பட்டியல் சாதி. நிபந்தனை ஒப்படை நிலத்தைப் பத்து வருசத்துக்குப் பிறகு வாங்க அவனுக்குத் தடை இல்லை. இதைத் தரகரும் தெரிந்துதான் வைத்திருக்கிறார். நம் ஆளிடமிருந்து ஏலத்தில் போன நிலத்தை நம் ஆளிடமே திருப்பி விற்றால், நாளை கேள்வி கேட்க யார் வருவார்? எஸ்.சி.யிடமிருந்து எஸ்.சி.க்கு என்று முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும், நடுப்பக்கம் மறைந்துவிடும். ஆனால் தம்பிக்கு விற்கிற நடுப்பக்கத்து ஆளுக்கு உரிமையே இல்லை என்றால், தம்பி காசு கொடுத்து வாங்குவது ஒரு வழக்கை மட்டும்தான். முதல் ஒப்படைதாரரின் வாரிசுகள் ஒருநாள் படியேறினால் கூண்டில் இரு பக்கமும் நம் ஆட்களே நிற்பார்கள். பணத்தை வாங்கியவர் மதுரையில் வீடு கட்டியிருப்பார். ஆதிக்கச் சாதிக்காரர் கையில் இருக்கும்வரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நில அபகரிப்புப் பிரிவைப் பற்றியாவது பேசலாம். நம் பையன் பெயருக்கு மாறிவிட்டால் அதுவும் போச்சு.

ஒப்படைதாரரின் மகளைத் தேடிப் போனேன். பக்கத்து ஊரில் மிளகாய் பறிக்கப் போகிறவர், அறுபதைத் தாண்டிய வயது. புல எண்ணைச் சொன்னேன், தெரியவில்லை. இடத்தின் அடையாளம் சொன்னதும், "எங்கய்யா சோளம் போட்ட காடு" என்றார். ஏலம் போனது தெரியுமா என்று கேட்டேன். வெள்ளாமை இல்லாத வருசம் ஒன்றில் அய்யா பிழைக்கப் போனாராம். திரும்பி வந்தபோது வேறு ஆள் உழுதுகொண்டிருந்தாராம். "சர்க்கார் எடுத்துக்கிருச்சுன்னு சொன்னாக. சர்க்காருகிட்ட போய் என்னத்த கேக்க?"

அவர் பெயரில் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறோம். தாசில்தாருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. நிபந்தனை மீறலுக்காக நிலத்தை அரசு மீட்டு, முதல் உரிமையாளரின் வாரிசுக்கே திரும்ப ஒப்படை செய்யக் கோரும் மனுவும் தயாராகிறது. வழக்கு சுலபமில்லை, காலதாமதம் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. அந்த அம்மாவிடம் இதையும் சொல்லிவிட்டோம்.

தம்பி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்துத் தரகர் அவனைக் கூப்பிட்டு, நிலத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது என்றாராம். விசாரித்தோம். அதுவும் நம் தெருப் பையன்தான், குவைத்தில் டிரைவர். அவன் நம்பர் இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.